காதுக்கு வைத்த பரீட்சை

எழுபதுகளின் பிற்பகுதியில் கும்பகோணத்தில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு இரண்டு ஆங்கிலப் பரீட்சைகள். ஒன்று கல்லூரியில், பகுதி இரண்டு ஆங்கிலம்: உரைநடை, செய்யுள், நான்-டீடெய்ல்டு, ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று. இன்னொன்று, சாயங்காலம் மாடிப்படி ஏறிப் போய்ப் படித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில்: ஷார்ட்ஹேண்ட். கல்லூரிப் பரீட்சைக்கு மினர்வா கைடும் கொஞ்சம் மனப்பாடமும் போதும். காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போய்க்கூட எழுதலாம்.

ஷார்ட்ஹேண்டில் அந்தக் கதை நடக்காது. மாஸ்டர் ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், ஒரு கையில் புத்தகம் வைத்துக்கொண்டு "டியர் சார்" என்று ஆரம்பித்தால் முடிகிறவரை நிறுத்தமாட்டார். சீனியர் பரீட்சை என்றால் நிமிடத்துக்கு 120 வார்த்தை. ஐசக் பிட்மன் 1837-ல் வெளியிட்ட முறை அது. எழுத்துக்கூட்டலைப் பற்றி அதற்குக் கவலையில்லை, காதில் விழும் ஒலிக்குத்தான் கோடு. பேப்பரில் வரும் ‘ப’வுக்கும் பஸ்ஸில் வரும் ‘ப’வுக்கும் ஒரே சாய்வுக் கோடு, முன்னதை மெல்லிசாக இழுக்க வேண்டும், பின்னதை அழுத்தி இழுக்க வேண்டும். டீயும் டாக்டரும் அதேபோல், செங்குத்துக் கோட்டில். தமிழில் எழுதும்போது இந்த வித்தியாசத்தைக் காட்ட வேண்டிய தேவையே வருவதில்லை. இங்கே பென்சில் முனை கொஞ்சம் ஏமாந்தால் போதும், ‘உங்கள் பில்லை இத்துடன் அனுப்பியிருக்கிறோம்’ என்ற கடிதம் ‘உங்கள் மாத்திரையை அனுப்பியிருக்கிறோம்’ என்று ஆகிவிடும். மாஸ்டர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். மொத்த வகுப்பும் சிரிக்கும். மறுநாள் யாரும் அந்தக் கோட்டை லேசாக இழுக்கமாட்டார்கள்.

தமிழ்நாட்டில் அந்தக் காலத்துப் பட்டதாரிகளுக்கு ஆங்கிலம் காதால் கேட்டால் புரிகிறதா என்று முறையாகச் சோதித்தது பல்கலைக்கழகம் அல்ல, மாடியறை இன்ஸ்டிடியூட் என்பது என் தீர்மானமான கருத்து. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்திய அந்தப் பரீட்சையை எழுதியவர்களில் பலர் பகலில் கல்லூரி மாணவர்கள். பகலெல்லாம் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டவர்கள்தான். ஆனால் கேட்டது புரிந்ததா என்று பகலில் யாரும் கேட்கவில்லை.

பின்னாளில் நானே ஆங்கில ஆசிரியனாகி, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மொழி ஆய்வகத்துக்குப் பொறுப்பாளனாகவும் ஆனபோது, இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. கண்ணுக்கு வைக்கும் பரீட்சை எப்படி இவ்வளவு பெருகியது, காதுக்கு வைக்கும் பரீட்சை எங்கே, எப்போது, யாருக்காக வந்தது? தேடிப் படித்ததில் ஒன்று தெளிவாயிற்று. மாணவனுக்கு எது தேவை என்று பார்த்துப் பரீட்சை வந்ததாகக் கதையே இல்லை. காசு யார் கொடுத்தார்கள், கையில் என்ன கருவி இருந்தது, இந்த இரண்டும் சேர்ந்துதான் எதைச் சோதிப்பது என்று முடிவு செய்திருக்கின்றன.

1913-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ‘சர்டிஃபிகேட் ஆஃப் புரொஃபிஷியன்சி இன் இங்கிலீஷ்’ என்று ஒரு பரீட்சையைத் தொடங்கியது. வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க விரும்புகிறவர்களுக்கானது. கட்டணம் மூன்று பவுண்டு. மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கோ ஜெர்மனுக்கோ மொழிபெயர்ப்பு, அங்கிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு, இலக்கணம், கட்டுரை, மூன்று மணி நேரம் இலக்கியம், ஒன்றரை மணி நேரம் ஒலியியல். அப்புறம் வாய்மொழித் தேர்வு: அரை மணி டிக்டேஷன், அரை மணி வாசிப்பும் உரையாடலும். எழுத வந்தவர்கள் மூன்று பேர். மூவரும் ஃபெயில். அன்றைக்கு ஒரு தஞ்சாவூர்க்காரர் ஆசைப்பட்டுப் போயிருந்தால், பிரெஞ்சும் ஜெர்மனும் தெரியாமல் முதல் தாளிலேயே எழுந்து வந்திருப்பார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் காதுக்கும் ஓர் அரை மணி ஒதுக்கியிருந்தார்கள். மூன்று பேருக்கு ஓர் ஆசிரியர் உட்கார்ந்து வாசிக்கலாம். முந்நூறு பேருக்கு? மூவாயிரம் பேருக்கு? ஒருவர் குரல் கணீரென்று இருக்கும், இன்னொருவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். ஒருவர் நிறுத்தி வாசிப்பார், இன்னொருவர் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்போல் ஓடுவார். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் என்ற நியாயம் காதுக்கு வரும்போது உடைந்துவிடுகிறது. அச்சடித்த தாளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அச்சடித்த தாளுக்கு இன்னொரு வசதியும் சீக்கிரமே கிடைத்தது. 1915-ல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஃபிரெடரிக் ஜே. கெல்லி என்ற கல்வியாளர் பள்ளிக் குழந்தைகளுக்கு ‘சைலன்ட் ரீடிங் டெஸ்ட்’ ஒன்றைத் தயாரித்தார். வாய்விட்டு வாசிக்காமல் மனத்துக்குள் படித்து, கொடுத்த விடைகளில் சரியானதைக் குறிக்க வேண்டும். இன்று நீட் முதல் டிஎன்பிஎஸ்சி வரை நம் பிள்ளைகளின் தலையெழுத்தை எழுதும் ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ முறைக்கு அதைத்தான் மூலமாகச் சொல்கிறார்கள். வாசிப்புத் தேர்விலிருந்து பிறந்த பழக்கம் அது. முப்பதுகளின் இறுதியில் ஐபிஎம் 805 என்ற விடைத்தாள் திருத்தும் இயந்திரம் வந்தது. பென்சில் கரியில் மின்சாரம் பாயும் என்பதை வைத்து, எந்தக் கட்டத்தில் குறி விழுந்திருக்கிறது என்று அது கண்டுபிடிக்கும். உருவாக்கிய ரெனால்ட் ஜான்சன் அதற்கு முன் பள்ளி ஆசிரியர். விடைத்தாள் கட்டுகளைப் பார்த்து மலைத்துப்போன ஆசிரியரைத் தவிர வேறு யாருக்கு இந்த யோசனை வரும்?

இயந்திரம் திருத்தும் என்றானதும் வாசிப்புத் தேர்வின் உடம்பே மாறியது. ஒரு பத்தியைப் படித்து உன் சொல்லில் எழுது என்பது போய், நான்கில் ஒன்றைக் கறுப்பாக்கு என்று ஆனது. எங்கள் கல்லூரித் தாளில் இருந்த, படித்ததைச் சுருக்கி எழுதும் பிரெஸி, ‘இடம் சுட்டி விளக்குக’ வகைக் கேள்விகள் இதற்கு எதிர்த் திசையில் நின்றன. திருத்த ஆள் வேண்டும், நேரம் வேண்டும், ஆளுக்கு ஆள் மார்க் வேறுபடும். எதிலும் நன்மை தீமை உண்டு. பிரெஸி எழுதத் தெரிந்தவன் படித்தது புரியாமல் எழுத முடியாது என்பதால் என் ஓட்டு இன்றும் பிரெஸிக்குத்தான்.

காது மறுபடி பரீட்சைக்குள் வந்தது அமெரிக்காவின் வாசல் வழியாக. 1924-ல் அமெரிக்கா குடியேற்றத்துக்குக் கடுமையான உச்சவரம்பு போட்டது. மாணவர்களுக்கு அதிலிருந்து விலக்கு. சட்டத்தில் சந்து இருந்தால் ஆள் நுழையாமல் இருப்பார்களா? படிக்கத்தான் வருகிறாரா, மொழி தெரியுமா என்று பார்க்க வேண்டிய நெருக்கடி வந்தது. 1930-ல் காலேஜ் போர்டு என்ற அமெரிக்கத் தேர்வு அமைப்பு வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஓர் ஆங்கிலப் பரீட்சையை நடத்தியது. அதில் டிக்டேஷனும் உண்டு, வாசிப்பும் உண்டு. அந்தப் பரீட்சை நிலைக்கவில்லை. ஆனால் வழி போட்டுவிட்டது: பல்கலைக்கழக மாணவனின் ஆங்கிலச் சோதனை கல்வித்துறையின் தேவையாக இருந்தது போய், விசா அலுவலகத்தின் தேவையாகவும் ஆயிற்று.

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லாடோ காதுக்கென்றே தனிப் பரீட்சை செய்தார். அமெரிக்காவில் பிறந்து, பெற்றோரின் ஸ்பெயினில் வளர்ந்து, வாலிபனாகத் திரும்பிவந்தவர் அவர். அந்நிய மொழி காதில் எப்படி விழும் என்பதை அனுபவித்து அறிந்தவர். உன் தாய்மொழியில் இல்லாத வித்தியாசம் எதுவோ அங்கேதான் நீ தடுக்கி விழுவாய், ஆகவே அந்த இடத்தில் சோதி என்பது அவர் கொள்கை. கப்பலா, ஆடா? ‘ஷிப்’, ‘ஷீப்’ என்று ஒலித்தால் எந்தப் படம்? இந்த வகைக் கேள்விகள் அவர் பள்ளியிலிருந்து உலகம் முழுக்கப் பரவின. பிட்மனின் மெல்லிய கோடும் தடித்த கோடும் எங்களுக்குச் செய்ததை லாடோ கொள்கையாக எழுதினார் என்று எனக்குத் தோன்றும். ஆனால் 1961-ல் அவர் எழுதிய புத்தகத்தில் டிக்டேஷனை ஒன்றுக்கும் உதவாதது என்கிற மாதிரி ஒதுக்கிவிட்டார். வார்த்தைகளை ஆசிரியரே வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுகிறார், மாணவன் என்ன செய்கிறான் என்பது அவர் வாதம். நிமிடத்துக்கு 120 வார்த்தையில் ஒருநாள் எங்கள் மாடியறையில் உட்கார்ந்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார். எழுபதுகளில் ஜான் ஆலர் என்ற இன்னொரு அமெரிக்கர் டிக்டேஷனுக்காக வாதாடி அதை மறுபடி கூட்டிவந்தார்; ஆசிரியர் வாசிப்பதை மாணவன் அப்படியே நகல் எடுப்பதில்லை, அர்த்தத்தை ஊகித்து ஊகித்துத்தான் எழுதுகிறான் என்று காட்டினார்.

அவரோடு சேர்ந்து புகழ் பெற்றது ‘குளோஸ்’ முறை. 1953-ல் வில்சன் டெய்லர், ஒரு பத்தி வாசகருக்கு எவ்வளவு எளிது என்று அளக்கக் கண்டுபிடித்தது. பத்தியில் ஐந்தாவது அல்லது ஏழாவது வார்த்தையை ஒரே சீராக எடுத்துவிட்டு, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வது. நம் ஊர் கேள்வித்தாள்களில் வரும் ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ பெரும்பாலும் இலக்கணக் கேள்வி. இது வாசிப்புக் கேள்வி. முன்னும் பின்னும் படிக்காமல் ஒரு கோட்டையும் நிரப்ப முடியாது.

எங்கள் தலைமுறைக்குத் தெரிந்த பெரிய பேர் டோஃபல். 1961-ல் வாஷிங்டனில் ஒரு மாநாடு கூடிப் பேசியதன் விளைவாக 1964-ல் முதல் தேர்வு நடந்தது. கேட்டல், வாக்கிய அமைப்பு, சொல்வளம், வாசிப்பு, எழுத்துத் திறன் என்று ஐந்து பகுதிகள். எழுத்துத் திறனையும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சோதித்தார்கள் என்பது பரீட்சை வரலாற்றின் பெரிய நகைச்சுவைகளில் ஒன்று. 1976-ல் அது மூன்றாகச் சுருங்கியது: கேட்டல், வாக்கிய அமைப்பு, வாசிப்பு. எண்பதுகளில் ‘550 எடுத்தால் அட்மிஷன்’ என்பது ஜெமினி மேம்பாலத்தடியில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் நூலகத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பி.டெக். பையனுக்கும் தெரிந்த எண். பயிற்சிக் கேசட்டை நகல் எடுத்து, நகலை நகல் எடுத்து, கடைசியில் பேசுவது ஆணா பெண்ணா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு இழுபட்ட நாடாக்களை வைத்துப் படித்தார்கள். அப்படிப் படித்தவர்களுக்குத் தேர்வறையின் ஒலி பளிங்கு மாதிரி கேட்டிருக்கும்.

அந்தத் தேர்வில் ஒரு விதி என்னை இன்றும் உறுத்துகிறது. கேட்டல் பகுதியில் குறிப்பு எடுக்கக் கூடாது. பல்கலைக்கழக வகுப்பில் உட்கார்ந்து விரிவுரை கேட்கத் தகுதியிருக்கிறதா என்று பார்க்கும் பரீட்சை அது. விரிவுரை கேட்கிறவன் நோட்டில் எழுதாமல் என்ன செய்வான்? 2005-ல் இணையவழித் தேர்வு வந்தபோதுதான் குறிப்பு எடுக்க அனுமதித்தார்கள். நாற்பது வருஷம் கழித்து.

பிரிட்டன் தன் பங்குக்கு 1965-ல் ஆலன் டேவிஸ் செய்த தேர்வை பிரிட்டிஷ் கவுன்சில் மூலமாகப் பயன்படுத்தியது. அடுத்து 1980-ல் வந்த இஎல்டிஎஸ் உண்மையிலேயே துணிச்சலானது. மருத்துவம் படிக்கப் போகிறவனுக்கு ஒரு தாள், தொழில்நுட்பம் படிக்கப் போகிறவனுக்கு இன்னொன்று, சமூக அறிவியலுக்கு வேறு. படிப்புக்கு ஏற்ற வாசிப்பு. நல்ல யோசனைக்கு ஆயுசு குறைவு. எந்த மாணவன் எந்தத் தாளை எடுப்பது, தாள்களுக்குள் சமநிலை எப்படி என்று குழப்பம். 1989-ல் ஐஇஎல்டிஎஸ் என்று பெயர் மாறியபோது தாள்கள் குறைந்தன, 1995-ல் எல்லாப் படிப்புக்கும் ஒரே தாளாயிற்று. இன்றைய வடிவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நாற்பது கேட்டல் கேள்வி, நாற்பது வாசிப்புக் கேள்வி, ஒலிப்பதிவு ஒரே ஒரு முறை.

இதற்கிடையில் ஜப்பானில் கம்பெனிகள் காசு போட்டால் பரீட்சை எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் பிறந்தது. யசுவோ கிதாவோகா என்பவர் முயற்சியில், டோஃபல் நடத்தும் அதே இடிஎஸ் நிறுவனம் செய்துகொடுத்த டோயிக் 1979-ல் தொடங்கியது. நூறு கேட்டல் கேள்வி, 45 நிமிடம். நூறு வாசிப்புக் கேள்வி, 75 நிமிடம். பேச வேண்டாம், எழுத வேண்டாம்; அவை தனித் தேர்வாகப் பின்னால் வந்தவை. ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரத்துக்காக வந்தது நாளடைவில் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்தது. முதலாண்டு மாணவர்களை எந்த வகுப்பில் போடுவது என்பதற்கும், பட்டம் முடித்து வேலை தேடும்போது விண்ணப்பத்தில் எழுதவும் அந்த மதிப்பெண். 2006 வரை அதில் பேசியதெல்லாம் அமெரிக்கக் குரல். பிறகுதான் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா சேர்ந்தன. உலகத்திலேயே அதிகம் பேர் ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஒன்றான இந்தியாவின் குரல் அந்தப் பட்டியலில் இல்லை.

நம் குரலைக் காதுப் பரீட்சைக்கு வைத்தவர் ஒருவர் உண்டு. ஹைதராபாத் ஆங்கில நிறுவனத்தின் ஆர்.கே. பன்சால். இந்தியர்களின் ஆங்கிலத்தைப் பதிவு செய்து, பிரிட்டிஷ்காரர், அமெரிக்கர், ஜெர்மானியர், நைஜீரியர், இந்தியர் எல்லோரையும் கேட்கவைத்து எவ்வளவு புரிகிறது என்று அளந்தார். 1969-ல் அது புத்தகமாக வந்தது. எந்த ஒலியில் தடுமாறுகிறோம், எந்த அழுத்தம் மாறுகிறது என்று பட்டியலிட்ட அந்த உழைப்பு கல்லூரிக் கேள்வித்தாள் எதையும் தொட்டதாக என் சர்வீஸில் நான் காணவில்லை.

சீனாவில் அரசாங்கமே களத்தில் இறங்கியது. 1987 செப்டம்பரில் கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலை தொடங்கியது. ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்காத எல்லாக் கல்லூரி மாணவர்களுக்குமானது. பல கல்லூரிகள் இதில் தேறாவிட்டால் பட்டமே கிடையாது என்று விதி போட்டன. ஆரம்பத்தில் வாசிப்புக்குத்தான் அதிக மதிப்பெண். கேட்டலுக்கு 20 சதவீதம். தேறியவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு கேள்வி புரியவில்லை என்ற புகார் ‘ஊமை ஆங்கிலம்’ என்று ஊரெல்லாம் பேச்சாகி, 2005-ல் சீர்திருத்தம் செய்தபோது கேட்டலை 35 சதவீதமாக உயர்த்தினார்கள். எனக்குப் பிடித்த விஷயம் அவர்கள் கருவிச் சிக்கலைத் தீர்த்த விதம். ஒவ்வொரு அறைக்கும் ஸ்பீக்கர் வைத்தால் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. கல்லூரியே குறைந்த சக்தியில் எஃப்எம் ஒலிபரப்பு செய்துவிடும். மாணவன் ரேடியோ ஹெட்ஃபோனை வாங்கிக்கொண்டு வந்து அலைவரிசையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். தேர்வுக்கு முந்தின வாரம் கல்லூரிக் கடைகளில் பேட்டரி விற்றுத் தீர்ந்துபோவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

தென்கொரியாவில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும் சுமார் 35 நிமிடம் நாடு முழுவதும் விமானம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. வானத்தில் இருப்பவை உயரத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கும். ஜப்பானில் 2006-ல் பொது நுழைவுத் தேர்வில் கேட்டலைச் சேர்த்தபோது, ஐந்து லட்சம் பேருக்கும் ஆளுக்கொரு சின்ன ஐசி பிளேயரைக் கையில் கொடுத்தார்கள். சிலநூறு கருவிகள் மக்கர் செய்து, அந்தப் பிள்ளைகளுக்கு அன்றே மறுதேர்வு வைத்தார்கள். அப்போது எழுத்துத் தாளுக்கு 200, கேட்டலுக்கு 50. 2021-ல் வாசிப்பு 100, கேட்டல் 100 என்று சரிசமமாக்கிவிட்டார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். நான் பொறுப்பில் இருந்த மொழி ஆய்வகத்தில் கண்ணாடிக் கதவு உண்டு, ஏசி உண்டு, வரிசையாக ஹெட்ஃபோன்கள் உண்டு. ஆய்வுக்குழு வரும் நாளன்று எல்லா ஹெட்ஃபோனும் வேலை செய்யும். மற்ற நாட்களில் ஒரு காதில் மட்டும் கேட்பவை, கேட்காதவை, கேட்கும் ஆனால் காதுப்பஞ்சு உரிந்து கறுப்புத் தூள் கன்னத்தில் ஒட்டுபவை என்று மூன்று வகை. மென்பொருள் வெளிநாட்டுச் சரக்கு. ஒரு பயிற்சியில், இங்கிலாந்தில் ஒரு பெண் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ விடுதிக்கு போன் செய்து அறை கேட்பாள். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து தமிழ் வழியில் படித்து வந்த பையன் ஒருவன், பதிவை இரண்டு தரம் ஓடவிட்டுவிட்டு எழுந்து நின்றான்.

"சார், அந்தப் பொண்ணு ரூம் கேக்குதா, டிபன் கேக்குதா?"

"ரெண்டும்தான்டா."

"ரெண்டுக்கும் சேத்து ஒரே ரேட்டா சார்?"

அவன் காதில் எந்தக் குறையும் இல்லை. வார்த்தை வார்த்தையாகப் பிடித்திருக்கிறான், விலையைக்கூட. காலை உணவோடு வாடகைக்கு விடும் வீடு என்ற ஒன்று உலகத்தில் உண்டென்பது தெரியவில்லை, அவ்வளவுதான். விடைத்தாளில் அவனுக்குச் சுழி விழுந்தது. அதே பையனுக்கு எங்கள் இயற்பியல் ஆசிரியர் மைக்கில் விடாமல் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் எடுத்த லேசர் பாடத்தில் எவ்வளவு புரிந்தது என்று கேட்க எந்தப் பரீட்சையும் இல்லை. செமஸ்டர் முடிவில் ஆய்வகத் தேர்வுக்கு வெளித்தேர்வாளர் வருவார், ரெக்கார்டு நோட்டைப் புரட்டுவார், தன்னைப் பற்றி நான்கு வாக்கியம் பேசச் சொல்வார், எல்லோருக்கும் இருபதுக்குப் பதினேழு, பதினெட்டு. கேட்டல் தேர்வு காகிதத்தில் நடந்து முடிந்திருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சென்னையில் கால் சென்டர்கள் முளைத்தபோதுதான் நம் பட்டதாரிகளின் காதுக்கு மறுபடி ஒரு நிஜமான பரீட்சை வந்தது. போன் வழியாகக் கணினி ஒரு வாக்கியம் சொல்லும், திருப்பிச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கும், உடனே பதில் சொல்ல வேண்டும். பதினைந்து நிமிடத்தில் மதிப்பெண் கையில். அன்று ஷார்ட்ஹேண்ட் தெரிந்த குமாஸ்தா தேவைப்பட்ட கம்பெனிக்கு இன்று அமெரிக்க வாடிக்கையாளர் பேச்சு புரிகிற ஆள் தேவை. பல்கலைக்கழகம் இரண்டு தடவையும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது.

காசும் விசாவும் சேர்ந்த பரீட்சை எங்கே போய் முடியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2014 பிப்ரவரியில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி லண்டனில் ரகசியமாகப் படம் பிடித்த ஒரு தேர்வறையைக் காட்டியது. விசாவுக்காக எழுதும் இரண்டு மணி நேர டோயிக் தேர்வின் இருநூறு கேள்விக்கும் விடைகளை ஒருவர் சில நிமிடங்களில் சத்தமாக வாசித்துவிடுகிறார். பேச்சுத் தேர்வுக்கு வேறு ஆள் மாற்றி உட்காருகிறார்கள். அதன்பின் இடிஎஸ் நிறுவனம் எல்லாக் குரல் பதிவுகளையும் கணினியில் ஒப்பிட்டு, பிரிட்டனில் நடந்த 58,458 தேர்வுகளில் 97 சதவீதத்தைச் சந்தேகத்துக்குரியவை என்றது. ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசா ரத்தானது. அதில் இந்தியர்களும் வங்கதேசத்தவரும் நிறைய. ஏமாற்றியவர்கள் உண்டு. ஒழுங்காகப் படித்து எழுதி, என் குரல் என்னுடையதுதான் என்று நிரூபிக்கப் பல வருஷம் கோர்ட்டு ஏறியவர்களும் உண்டு. நீதிபதியின் முன் சரளமான ஆங்கிலத்தில் வாதாடியவர்களைப் பார்த்து, உனக்கு ஆங்கிலம் தெரியாது என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த வியாபாரத்தின் அளவுக்கு ஒரு கணக்கு: 2021-ல் பிரிட்டிஷ் கவுன்சில் இந்தியாவில் தான் நடத்திவந்த ஐஇஎல்டிஎஸ் தொழிலை ஐடிபி நிறுவனத்துக்கு விற்றது. விலை 13 கோடி பவுண்டு. நம் பிள்ளைகளின் காதும் கண்ணும் எழுதும் பரீட்சைக்குச் சந்தையில் போடப்பட்ட மதிப்பு அது.

பாடத்திட்டக் குழுக்களில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 2010-லிருந்து பொறியியலைத் தமிழிலேயே படிக்க வழி இருக்கிறது. அதை நான் வரவேற்றவன். ஆனால் ஆங்கில வழி வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வரையில், அவர்களுக்குக் காதில் விழுவது புரிகிறதா என்று முதல் மாதத்திலேயே பார்த்தாக வேண்டும், மதிப்பெண்ணுக்கு அல்ல, யாருக்கு உதவி வேண்டும் என்று தெரிந்துகொள்ள. வெளிநாட்டு மென்பொருள் வேண்டாம். உங்கள் கல்லூரி இயற்பியல் ஆசிரியரின் வகுப்பில் ஐந்து நிமிடத்தைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். நல்ல ஸ்பீக்கரில் இரண்டு தரம் போடுங்கள், குறிப்பு எடுக்க விடுங்கள், பத்துக் கேள்வி கேளுங்கள். வாசிப்புக்கு அவர்களின் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம், உதவித்தொகை அறிவிப்பு ஒன்று, ஆய்வகக் கையேட்டில் ஒரு செய்முறை. படித்து முடித்ததும் சாராம்சத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எட்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். திருத்த இரண்டு நாள் பிடிக்கும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஒரு வரி இடம் கொடுங்கள்.